மூளை நாடியில் ஒரு கட்டி: எம்.ஆர்.ஐ. சொல்வதும் நாம் சொல்ல வேண்டியதும்

(நூற்றாண்டுக் கொண்டாட்டங்களையொட்டி அன்புவழிபுரத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது விரித்து எழுதப்பட்டுள்ளது.)



பாரிசவாதத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்ட சங்கத்தினர், "எங்களுக்கு விளங்கக்கூடியதாகச் சொல்லுங்கோ, ஆனால் பயப்படுத்திப் போடாதேங்கோ" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, என் தொழிலான கதிரியக்கப் படங்களின் பக்கமிருந்து இந்த நோயைப் பார்க்கிறேன். படம் எங்களுக்கு என்ன சொல்கிறது, படத்தால் சொல்ல முடியாத எதை வீட்டார் சொல்ல வேண்டும் என்பவையே இன்றைய பேச்சின் இரண்டு பகுதிகள்.

பாரிசவாதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மூளைக்குள் நாடி வெடித்து இரத்தம் கசிவது. மற்றையது, மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாடியை ஒரு கட்டி அடைப்பது. உலகளவில் அடைப்பினால் வருவதே அதிகம். கட்டி என்றதும் புற்றுநோய்க் கட்டியை நினைக்க வேண்டாம். இது உறைந்த இரத்தம். பெரும்பாலும் சில மில்லிமீற்றர் நீளமானது. ஒரு சோற்றுப் பருக்கையளவு இருந்தாலே போதும். இதயத்திலோ கழுத்து நாடியிலோ உண்டாகி, இரத்தத்தோடு மிதந்து வந்து, மூளையின் ஒரு கிளை நாடியில் சிக்கிக்கொள்கிறது. அந்த நாடியை நம்பியிருந்த மூளைப் பகுதி பட்டினி கிடக்கத் தொடங்குகிறது. பெரிய நாடி ஒன்று அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறக்கின்றன என்று 2006 இல் அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு 11 கோடிக்கும் மேல்.

இந்தக் கட்டிகள் எல்லாம் ஒரே மாதிரியானவை என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. உயிருள்ள ஒருவரின் மூளை நாடியிலிருந்து கட்டியை எடுத்துக் கையில் வைத்துப் பார்க்க வழியிருக்கவில்லை. தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளை நாடிவரை கொண்டு சென்று, கட்டியை வெளியே இழுக்கும் முறை வந்த பிறகே அது சாத்தியமாயிற்று. 2006 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர்கள் இப்படி எடுக்கப்பட்ட 25 கட்டிகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதன் பிறகு பல நாடுகளில் ஆயிரக்கணக்கான கட்டிகள் சேர்க்கப்பட்டு ஆராயப்பட்டுள்ளன. கட்டிக்குக் கட்டி அமைப்பு வேறுபடுகிறது என்பது இன்று தெளிவாகத் தெரியும்.

கடற்கரை ஊரவர்கள் நாங்கள். ஆகையால் வலையை வைத்துச் சொல்கிறேன். இரத்தம் உறையும்போது பைபிரின் என்ற புரதம் நூல் நூலாகத் திரண்டு ஒரு வலையைப் பின்னுகிறது. அந்த வலையில் செங்குழியங்கள் மீன்களைப் போல அகப்படுகின்றன. குருதிச் சிறுதட்டுக்கள் வலையின் முடிச்சுகளை இறுக்குகின்றன. சில கட்டிகளில் மீன் நிறைய, வலை தளர்வு. அவை சிவப்பாகவும் மெதுமையாகவும் இருக்கும். வேறு சிலவற்றில் மீன் குறைவு. வலை மட்டும் முறுக்கேறிக் கயிறு போல இறுகியிருக்கும். அவை வெளிறிய நிறமும் விறைப்பும் உடையவை. நாடிச் சுவரோடு உரசிப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான கட்டிகள் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவை. ஒரே கட்டியின் ஒரு முனை சிவப்பாகவும் மறு முனை வெளிறியும் இருப்பதும் உண்டு.

இதை ஏன் அறிய வேண்டும்? சிகிச்சைக்கு எங்களிடம் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து. இந்த மருந்தின் பயன் 1995 இல் அமெரிக்க ஆய்வொன்றில் நிரூபிக்கப்பட்டது. அப்போது 3 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. 2008 இல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பின் அது நான்கரை மணித்தியாலமாயிற்று. இரண்டாவது, சற்று முன்னர் சொன்னபடி குழாய் வழியாகக் கட்டியை எடுப்பது. 2015 இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகளில் பங்குபற்றிய 1,287 நோயாளரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பெரிய நாடி அடைபட்டவர்களில் இச்சிகிச்சை ஊனத்தைப் பெருமளவு குறைப்பது உறுதியானது. எடுக்கும்போதும் இரண்டு உத்திகள் உண்டு. கம்பிக் கூடு ஒன்றைக் கட்டிக்குள் விரித்து, அதோடு சேர்த்து இழுக்கலாம். அல்லது குழாயால் உறிஞ்சி எடுக்கலாம்.

மீன் நிறைந்த மெதுமையான கட்டி பொதுவாக மருந்துக்கு இசைகிறது. குழாய்க்கும் இலகுவாக வருகிறது. இறுகிய வலைக்கட்டி பலமுறை முயன்றும் வராமல் அடம்பிடிக்கும். கட்டியின் நீளமும் முக்கியம். 8 மில்லிமீற்றருக்கு மேல் நீளமான கட்டியை ஊசி மருந்து மட்டும் கரைப்பது அரிது என்று 2011 இல் ஜேர்மனிய ஆய்வொன்று காட்டியது. ஆகவே, உள்ளே இருப்பது எந்தக் கட்டி என்பது முன்கூட்டியே தெரிந்தால் சிகிச்சை செய்பவருக்கு அது பெரிய உதவி. மண்டையோட்டைத் திறக்காமல் அதை எப்படி அறிவது?

இங்கேதான் எம்.ஆர்.ஐ. வருகிறது. பெயரைக் கேட்டிருப்பீர்கள்; இது எக்ஸ்ரே வகையைச் சேர்ந்ததல்ல. பலமான ஒரு காந்தத்துக்குள் நோயாளியைப் படுக்கவைத்து, உடம்பிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கள் தரும் வானொலிச் சைகைகளைக் கொண்டு படம் எடுக்கிறோம். செங்குழியங்களுக்குள் ஈமோகுளோபின் இருக்கிறது, அதில் இரும்பு இருக்கிறது என்பது எங்கள் விஞ்ஞானப் பாடத்தில் படித்ததுதான். ஒட்சிசன் சேர்ந்திருக்கும்போது ஈமோகுளோபின் காந்தத்தைப் பொருட்படுத்தாது. ஒட்சிசனை இழந்ததும் அது காந்தத்துக்கு இசையும் பொருளாக மாறுகிறது. 1936 இல் லைனஸ் போலிங், சார்ள்ஸ் கோரியல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்திய கண்டுபிடிப்பு அது.

கட்டியில் அகப்பட்ட செங்குழியங்களுக்குப் புதிதாக ஒட்சிசன் கிடைப்பதில்லை. இருந்ததும் போய்விடுகிறது. எனவே சிவப்புக் கட்டி, காந்தப் புலத்துக்குள் ஒரு சிறு குழப்பத்தை உண்டாக்குகிறது. துறைமுகத்தில் இரும்புக் கப்பலுக்கு அருகே திசைகாட்டியைக் கொண்டுபோனால் ஊசி தடுமாறுமல்லவா, அதைப் போன்றது. இந்தத் தடுமாற்றத்தைப் பிடிப்பதற்கென்றே அமைந்த எம்.ஆர்.ஐ. முறைகள் உண்டு. அவற்றில் நுட்பமான ஒன்றை மார்க் ஹாக்கி என்ற விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கினார்கள். அந்தப் படத்தில் கட்டியுள்ள நாடி கரிய கோடாகத் தெரியும். அந்தக் கருமை உண்மையான நாடியைவிடத் தடிப்பாக, மை ஊறிப் பரவியதுபோல இருக்கும். எங்களுக்குப் பக்கத்திலே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் கதிரியக்கவியலாளர்களும் பாரிசவாதத்தில் இந்த முறையின் பயனைப் பற்றி 2009 இலேயே எழுதியிருக்கிறார்கள்.

கரிய கோடு உண்மையில் செங்குழியங்களைத்தான் காட்டுகிறதா என்பதையும் சோதித்தார்கள். 2011 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் குழுவினர் நோயாளரின் படங்களையும், அதே நோயாளரிடமிருந்து எடுத்த கட்டிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டனர். படத்தில் கருமை தெரிந்தவர்களின் கட்டிகளில் செங்குழியங்கள் சராசரியாக 42 வீதம். தெரியாதவர்களில் 23 வீதம். சாதாரண சீ.ரீ. ஸ்கானிலும் சிவப்புக் கட்டி நாடியில் வெண்மையாகத் தெரியும் என்பதையும் அதே ஆய்வு உறுதிப்படுத்தியது. இப்போது கருமையை வெறும் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல், காந்தத் தடுமாற்றத்தின் அளவைக் கணித்து, கட்டியில் எவ்வளவு செங்குழியம் உண்டு என்று எண்ணாகவே சொல்ல முயல்கிறார்கள். அயர்லாந்தின் கோல்வே நகர ஆய்வுகூடங்களில் வெவ்வேறு அமைப்புள்ள செயற்கைக் கட்டிகளைச் செய்து, எந்தக் கருவிக்கு எந்தக் கட்டி வருகிறது என்று பார்க்கிறார்கள்.

இதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். இந்தக் காந்தம் மீனைத்தான் காண்கிறது, வலையைக் காணாது. கருமை தெரியவில்லை என்றால் கட்டி இல்லை என்று பொருளாகாது. இருப்பது வெறும் வலையாக இருக்கலாம். மிகப் புதிய கட்டியில் ஒட்சிசன் இன்னும் முற்றாகப் போயிருக்காது. அதுவும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். புற்றுநோய் உள்ளவர்களுக்கு வரும் பாரிசவாதத்தில் கருமை குறைவாகத் தெரிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. கட்டி இதயத்திலிருந்து வந்ததா, கழுத்து நாடியிலிருந்து வந்ததா என்று அமைப்பை மட்டும் பார்த்துச் சொல்வதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எந்தக் கருவியை முதலில் எடுப்பது என்று இந்தப் படத்தை வைத்தே முடிவெடுப்பதும் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. இது வளர்ந்து வரும் அறிவு.

எனவே, உங்கள் வீட்டில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்து, வைத்தியசாலையில் முதலில் சீ.ரீ. ஸ்கான் மட்டும் எடுத்தால், "எம்.ஆர்.ஐ. எடுக்காமல் விட்டுவிட்டார்கள்" என்று கவலைப்படாதீர்கள். இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்யாமல் கரைக்கும் மருந்தைக் கொடுக்க முடியாது. அந்தக் கேள்விக்கு சீ.ரீ. சில நிமிடங்களில் பதில் தரும். சிறந்த படத்துக்காகக் காத்திருந்து நேரத்தை இழப்பது நோயாளிக்கு நட்டம்.

எம்.ஆர்.ஐ. வேறொரு வகையிலும் உதவுகிறது. உங்களிற் பலருக்கு இதுதான் நேரடியாகத் தேவைப்படும். காலையில் எழும்பும்போதே கை கால் விளங்காமல் கிடப்பவரை எண்ணிப் பாருங்கள். எப்போது வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. நான்கரை மணித்தியாலக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? கடைசியாக எப்போது சுகமாக இருந்தார் என்று தெரியுமோ, அங்கிருந்துதான். இரவு 9 மணிக்குப் படுத்தார் என்றால், காலை 6 மணிக்கு 9 மணித்தியாலம் ஆகிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. யின் ஒரு வகைப் படம் அடைப்பு ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே பாதிப்பைக் காட்டும். இன்னொரு வகைப் படத்தில் அதே பாதிப்பு சில மணித்தியாலங்கள் கழித்தே தெரியும். முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், வந்து அதிக நேரமாகவில்லை என்று கொள்ளலாம். 2018 இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் 503 நோயாளரை இப்படித் தெரிவு செய்தார்கள். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 53 பேர் மூன்று மாதங்களின் பின் ஊனமின்றியோ மிகச் சிறிய குறையுடனோ இருந்தனர். பெறாதவர்களில் 42 பேர். ஆனாலும் மருந்து பெற்றவர்களில் மூளைக்குள் இரத்தம் கசிந்தவர்களும் சிலர் இருந்தனர். அதனால்தான் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை.

இந்த வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் எந்த நேரமும் கிடைப்பதில்லை. கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையும் இலங்கையில் இன்னும் ஒரு சில இடங்களிலேயே உண்டு. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வீதி வழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஆகவே, படம் சொல்லாததை வீட்டார் சொல்லும்போது அந்தத் தகவலுக்குப் பெரும் பெறுமதி உண்டு. அந்த வீட்டார் இன்று எங்கே இருக்கிறார்கள்? ரொறன்ரோவில், லண்டனில், மெல்பேர்னில், சூரிச்சில், கொழும்பில். இந்த மலரை வாசிக்கப் போகிறவர்களிற் பலர் அவர்கள்தான். அம்மாவும் அப்பாவும், அல்லது அம்மா மட்டும், இங்கே இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் 68 வயதான ஓர் அம்மாவின் படத்தைப் பார்க்க நேர்ந்தது. தனியாக இருந்தவர். காலை 6 மணிக்குப் பக்கத்து வீட்டார் குசினி வாசலில் விழுந்து கிடக்கக் கண்டு கொண்டுவந்தார்கள். பேச்சு இல்லை. முதல் நாள் இரவுதான் அயலவர் கடைசியாகக் கண்டது. அந்தக் கணக்கின்படி மருந்துக்கான நேரம் கடந்துவிட்டது. அயலவர் கனடாவிலுள்ள மகளுக்குச் செய்தி சொன்னார். மகள் அழுதுகொண்டே தன் தொலைபேசியைப் பார்த்தார். இலங்கை நேரம் 5.10 க்கு அம்மா ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாழ்த்து. குழறல் ஏதுமில்லாத குரல். அந்தச் செய்தியை அங்கிருந்த வைத்தியரும் கேட்டார். ஒன்பது மணித்தியாலம் என்றிருந்த கணக்கு ஒரு மணித்தியாலத்துக்கு வந்தது. மருந்து கொடுக்கப்பட்டது. அந்த அம்மாவுக்குப் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. சில பெயர்கள் வாயில் வராது. ஆனால் தன் கையால் சாப்பிடுகிறார். தானே நடந்து கோயிலுக்குப் போகிறார். எம்.ஆர்.ஐ. தர வேண்டிய பதிலை அன்று ஒரு குரல் செய்தி தந்தது.

ஆகவே, வீட்டார் சொல்ல வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். "எப்போது கண்டீர்கள்" என்பதைவிட, "கடைசியாக எப்போது சுகமாக இருந்தார்" என்பதே எங்களுக்குத் தேவை. தொலைபேசியில் கடைசி அழைப்பு, கடைசிச் செய்தி ஆகியவற்றின் நேரத்தைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து சொல்லும்போது இலங்கை நேரத்தில் சொல்லுங்கள்.

இரண்டாவது, மருந்துகள். கிளினிக் கொப்பியை எல்லோரும் அறிந்த ஓரிடத்தில் வையுங்கள். இதய நோய்க்காக வாபரின் போன்ற, இரத்தம் உறையாமற் செய்யும் மருந்து எடுப்பவரென்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். அதைப் பொறுத்தே கரைக்கும் மருந்தைக் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்போம்.

மூன்றாவது, உடம்பிலுள்ள உலோகம். எங்கள் மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. யுத்த காலத்தில் காயப்பட்டு, செல் துண்டு உள்ளேயே இருக்க வாழ்கிறவர்கள் பலர். முப்பது வருடமாக வலியில்லை என்பதால் அவர்களே மறந்திருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தும் இருக்காது. இரும்புத் துண்டு எம்.ஆர்.ஐ. காந்தத்தில் அசையலாம். கண்ணுக்குள் இருந்த ஒரு சிறு இரும்புத் துகள் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அசைந்து ஒருவரின் அந்தக் கண் பார்வை போனது 1986 இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியிருக்கிறது. வெல்டிங், இரும்பு அறுக்கும் வேலை செய்தவர்களும் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். அல்லது வேறு வழியைத் தெரிவோம். பேச்சிழந்து கிடப்பவரிடம் இதைக் கேட்க முடியாது. எனவே இன்றே அப்பாவிடம், அம்மாவிடம், மாமாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். காயத்தைப் பற்றிக் கேட்பது பழைய நினைவுகளைக் கிளறும் என்று தயங்குவீர்கள். ஆறுதலாக, மருத்துவத் தேவைக்கென்று சொல்லிக் கேளுங்கள்.

தாலிக்கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கம் காந்தத்துக்கு இழுபடாது. ஆனால் சூடேறக்கூடும், கழுத்துப் பகுதியின் படத்தையும் கெடுக்கும். அதோடு கொழுவியிருக்கும் சேப்டி பின் இழுபடும். "கழற்ற மாட்டேன்" என்று அம்மா பிடிவாதம் பிடிப்பதும், மகளுக்கு அழைப்பு எடுத்துக் கேட்பதும் பலமுறை நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் கழற்றலாம், அதில் ஒரு குறையுமில்லை என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லி வைத்தால் சில நிமிடங்கள் மிஞ்சும்.

இனி, நோயை அடையாளம் காண்பது. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலே போதும், உடனே புறப்பட வேண்டும். சாப்பாடு, தண்ணீர், தேநீர் எதுவும் கொடுக்க வேண்டாம்; விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போகலாம். அஸ்பிரினும் கொடுக்க வேண்டாம். கசிவா அடைப்பா என்று வீட்டில் தெரியாது. விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சுகமாகும் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய். எண்ணெய் தடவுவதும் காத்திருந்து பார்ப்பதும் நேரத்தைத் தின்னும். சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிட்டாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். அது பெரிய அடைப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இந்திய உதவியுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இன்று நாடெங்கும் ஓடும் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமானது. ஆனால் இந்தக் குறுகிய இலக்கம் இலங்கைக்குள் இருந்து அழைப்பதற்கானது. வெளிநாட்டில் இருப்பவர் தம் தொலைபேசியில் 1990 ஐ அழுத்திப் பயனில்லை. அழைக்கக்கூடிய அயலவர் ஒருவர் வேண்டும்.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்புப் பிரிவினரும் தங்களுக்குள் ஒரு பட்டியல் வைத்திருங்கள். திருகோணமலையில் யாருடைய பெற்றோர், யாருடைய மாமி, எங்கள் ஓய்வுபெற்ற ரீச்சர்மாரில் யார் யார் தனியாக இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டில் யாரை அழைக்கலாம். அவருடைய இலக்கம் என்ன. இங்கேயே இருக்கும் பழைய மாணவி ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருக்கட்டும். அந்தப் பட்டியலில் மருந்துகளுக்கும் உடம்பிலுள்ள உலோகத்துக்கும் ஒரு நிரல் விடுங்கள். ஒன்றுவிட்ட ஒரு நாள் காலையில் அம்மாவோடு இரண்டு வார்த்தை கதையுங்கள், முடியுமென்றால் நாளாந்தம். நீங்கள் அன்புக்காகத்தான் கதைப்பீர்கள். ஆனால் அந்த அழைப்பின் நேரம் ஒருநாள் அவருடைய சிகிச்சையைத் தீர்மானிக்கும் எண்ணாக இருக்கலாம்.

இந்தப் பட்டியலைத் தொடங்குவதற்கான ஒரு மாதிரித் தாளை நான் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். போகும்போது ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கேள்விகள் இருந்தால் தேநீர் நேரத்தில் கேளுங்கள். எவ்வளவு நேரமானாலும் இருந்து பதில் சொல்வேன்.